சபையை விட்டாச்சு, சபைப் பேச்சுதான் விடமாட்டேன் என்கிறது

வாசகியின் கேள்வி:

எனக்கு 34 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. எனக்கு ஆறு வயதானபோது எங்கள் குடும்பம் மிகக் கட்டுப்பாடான ஒரு கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தது. நகை கிடையாது, டிவி கிடையாது, காய்ச்சல் வந்தால் பனடோல்கூடக் கிடையாது. ஜெபம்தான். 29 வயதில் வெளியே வந்தேன். யாரும் விரட்டவில்லை. என்னால் நம்ப முடியாமல் போனது, அவ்வளவுதான். போன வருடம் திருமணம் ஆனது. கணவர் இந்து, நல்ல மனிதர்.

பிரச்சினை என் வாய். பினாங்குப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தபோது "இயேசுவின் இரத்தம் ஜெயம்!" என்று கத்திவிட்டேன். கணவர் அதை வீட்டில் எல்லாரிடமும் நடித்துக் காட்டுகிறார். தீபாவளிக்கு மாமியார் படையலில் இருந்து அதிரசம் எடுத்துக் கொடுத்தார். வாயில் வைத்த உடனே "விக்கிரகத்துக்குப் படைத்தது" என்று உள்ளே ஒரு குரல். சிரித்துக்கொண்டே மென்றேன், அப்புறம் பாத்ரூமில் போய்த் துப்பினேன். புக்கிட் மெர்த்தாஜாமில் ஒரு வீடு பார்த்தோம். எனக்கு "சமாதானம் இல்லை" என்றேன். "யாரோட சண்டை?" என்று கேட்டார். விளக்கத் தெரியவில்லை.

இனிமேல் சபை வார்த்தை பேசினால் ஒரு வெள்ளி தண்டம் என்று மைலோ டின் ஒன்று வைத்திருக்கிறோம். டின் நிறைகிறது, வார்த்தை குறையவில்லை. வெளியே வந்த சிலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். "உனக்கு மூளைச்சலவை இன்னும் போகல" என்றார்கள். அம்மா சபையில்தான் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் போன் செய்வார். அந்தப் பேச்சைப் பேசினால் நான் திரும்பி வருவேன் என்று நம்புகிறார், பேசாவிட்டால் அழுகிறார். நான் முறுமுறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், சபையில் நல்லவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சில ராத்திரி ஜெபிக்கவும் தோன்றுகிறது. நான் உண்மையிலேயே வெளியே வந்துவிட்டேனா?

ஆலோசகரின் பதில்:

இந்தப் பகுதியில் வழக்கமாக "அன்புச் சகோதரி" என்றுதான் தொடங்குவேன். அந்த அழைப்பு உங்களுக்கு வேறு இடத்தை ஞாபகப்படுத்தும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த மைலோ டின்னை எடுத்துவிடுங்கள். சேர்ந்த காசில் இரண்டு பேரும் போய்ச் செண்டோல் சாப்பிடுங்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் ஆய்வுக்கு வந்தவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்று விட்டபோது, ஆரம்பத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒரு வார்த்தை வரக்கூடாது என்று காவல் இருந்தால், காவல் இருப்பவருக்கு அந்த வார்த்தை எந்நேரமும் ஞாபகத்தில் இருந்தாக வேண்டும். அதுபோக, வாய் தவறினால் தண்டம் என்ற ஏற்பாடு உங்களுக்குப் புதிதா என்ன? சபையில் இருபது வருடத்துக்கு மேல் அதைத்தானே பார்த்தீர்கள். இப்போது டின் மட்டும் உங்கள் சமையலறைக்கு வந்திருக்கிறது.

இந்த வார்த்தைகள் ஏன் இவ்வளவு ஆழமாக ஒட்டியிருக்கின்றன? ஆறு வயதில் உள்ளே போனவை அவை. 2003இல் கேத்தரின் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். துருக்கி மொழியில் வளர்ந்து, பிற்பாடு ஆங்கிலம் கற்றவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். விரல் நுனி லேசாக வியர்ப்பதை அளக்கும் கருவியை மாட்டிவிட்டு, இரண்டு மொழியிலும் வார்த்தைகளைக் கேட்க வைத்தார்கள். சின்ன வயதில் பெரியவர்கள் திட்டும் "வெட்கமாக இல்லை?" மாதிரியான வார்த்தைகளுக்குத் தாய்மொழியில் உடம்பு துள்ளியது. அதே திட்டு ஆங்கிலத்தில் வந்தால் அவ்வளவு இல்லை. உங்களுக்கும் ஆபீசில் ஆங்கிலமோ மலாயோ பேசும்போது இந்தத் தொல்லை குறைவாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கவனித்துப் பாருங்கள். இதைக் கொஞ்சம் கழித்து உபயோகப்படுத்தப் போகிறேன்.

ஆக, வார்த்தை வருவதை வைத்து நம்பிக்கை இருக்கிறது என்று கணக்குப் போட முடியாது. முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியேறி, பிறகு சமூகவியலாளரான ஹெலன் ஈபா என்பவர் 1988இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மடத்தை விட்டவர்கள், விவாகரத்து ஆனவர்கள், வேலையைத் துறந்த மருத்துவர்கள் என்று பலரைச் சந்தித்து, ஒரு வேடத்தைக் கழற்றிய பிறகும் அதன் மிச்சம் மனிதரிடம் தங்கும் என்பதைக் காட்டினார். பென்ஷன் வாங்கிப் பல வருடம் ஆன போலீஸ்காரர் கல்யாண வீட்டில் சுவரோரமாக, வாசலைப் பார்த்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அவரை யாரும் இன்னும் வேலையில் இருக்கிறார் என்று சொல்வதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் வார்த்தைகளை எல்லாம் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றும் இப்போது என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டால் வித்தியாசம் தெரியும். பாலத்தில் கத்தினீர்களே, அந்த "இரத்தம் ஜெயம்" ஒரு வேலையும் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு "ஐயோ அம்மா", "முருகா" வருகிற இடத்தில் உங்களுக்கு அது வருகிறது. "முருகா" என்று கத்துபவர்கள் எல்லாரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களா? விட்டுவிடுங்கள். கணவர் நடித்துக் காட்டுவது உங்களுக்குச் சிரிப்பாக இருந்தால் சிரியுங்கள், வலித்தால் "இதை மட்டும் வேண்டாங்க" என்று தனியாகச் சொல்லுங்கள். அவருக்கு அது ஒரு வேடிக்கை வசனம். அந்த வசனத்தைச் சொல்லித்தான் உங்கள் அம்மா காய்ச்சலில் கிடந்த உங்கள் நெற்றியில் கை வைத்திருப்பார். கணவருக்கு அது எப்படித் தெரியும், நீங்கள் சொல்லாமல்?

ஒரு எச்சரிக்கை மட்டும். அதைச் சொல்லாவிட்டால் ஏதாவது கெட்டது நடந்துவிடும் என்று பயந்து, மனசுக்குள் எண்ணி எண்ணித் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். மதம் சார்ந்த எண்ணங்களைப் பிடித்துக்கொண்டு வரும் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) ஒன்று உண்டு. அதற்கென்று நல்ல சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம் என்பதால் சொன்னேன்.

அதிரசத்துக்கு வருகிறேன். துப்பியதில் தப்பில்லை. இருபத்து மூன்று வருடம் தொடக்கூடாது என்று பழகிய வாய் ஒரு தீபாவளியில் திரும்பிவிடாது. ஆனால் சிரித்துக்கொண்டே மென்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. சபையில் சந்தேகம் வந்தபோதும் இப்படித்தான் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பீர்கள். அடுத்த முறை "அத்தை, படையலுக்கு வைக்காத பலகாரம் இருந்தா அதைக் குடுங்க, எனக்கு இன்னும் பழகல" என்று சொல்லிப் பாருங்கள். நம் ஊர் மாமியார்கள் திறந்த இல்ல விருந்துக்கு வரும் சீனர், மலாய்க்காரர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பவர்கள். மருமகளுக்கு ஒரு தட்டுத் தனியாக எடுத்து வைக்க மாட்டாரா?

இனி, நீங்களே கவனிக்காமல் கடிதத்தில் எழுதிய ஒரு வார்த்தை. "நான் முறுமுறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள்." யாரும் உங்களை அப்படிச் சொல்லவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தார்கள், தண்டனை வந்தது என்ற கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவருக்குக் குறை சொல்ல வாய் திறக்கும்போதே இந்தப் பயம் வந்துவிடும். "கசப்பு" என்பதும் அப்படித்தான். ஒரு பெரியவர் செய்த அநியாயத்தைச் சொல்லப் போனால், "சிஸ்டர், உங்களுக்குள்ள கசப்பு இருக்கு, அதை முதல்ல அறிக்கை பண்ணுங்க" என்பார்கள். அநியாயம் நடந்ததா இல்லையா என்ற பேச்சே எழாது. கேள்வி கேட்டவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர், 1950களில் சீனாவின் கம்யூனிஸ்ட் அரசு ஆட்களின் எண்ணத்தை மாற்றக் கட்டாயமாக நடத்திய 'சிந்தனைச் சீர்திருத்த'த்துக்கு ஆளாகி ஹாங்காங் வந்து சேர்ந்தவர்களைச் சந்தித்துப் பேசினார். 1961இல் அதைப் பற்றி எழுதும்போது மொழிக்கென்று தனியிடம் ஒதுக்கினார். யோசனை மேலே போகாதபடி அந்த இடத்திலேயே அடைத்துவிடும் சில சொற்களை அங்கே அவர் கண்டார். கவனியுங்கள், குழூஉக்குறி இருப்பது பெரிய விஷயம் இல்லை. நர்சுகளுக்கும் உண்டு, லாரி ஓட்டுபவர்களுக்கும் உண்டு. ஒரு சொல் வந்த உடனே கேள்வி செத்துவிடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

"முறுமுறுப்பு" என்று மனசில் வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடியுங்கள். யார், எப்போது, என்ன செய்தார், உங்களுக்கு என்ன ஆனது. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காததைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அங்கே நிறைய இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு எழுத வேண்டாம், ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்லவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மையாகவே இருக்கட்டும். அது ஒன்றையும் ரத்து செய்யாது.

வாட்ஸ்அப் குழுக்காரர்களிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். "மூளைச்சலவை இன்னும் போகல" என்பதும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தானே செய்கிறது? நீங்கள் ஒரு கஷ்டத்தைச் சொன்னீர்கள், அவர்கள் ஒரு முத்திரையைக் குத்திவிட்டார்கள். "கசப்பு இருக்கு சிஸ்டர்" என்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். துணைக்கு ஆள் வேண்டியிருக்கும்போது போய்ப் பேசுங்கள், உங்களுக்குத் தீர்ப்பு எழுத விடாதீர்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது "சமாதானம் இல்லை" என்ற பேச்சுதான். இதைப் படிக்கும் வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட சபைகளில் ஒரு வேலையை ஏற்பதா, வரனைப் பார்ப்பதா, ஊர் மாறுவதா என்று வரும்போது ஜெபித்துவிட்டு "சமாதானம் இருக்கு" அல்லது "சமாதானம் இல்லை" என்று சொல்வார்கள். மனசில் அமைதி வந்தால் தேவனுடைய சித்தம், வராவிட்டால் சித்தம் இல்லை. சொன்னவரிடம் காரணம் கேட்க முடியாது, ஏனென்றால் அது அவருடைய அபிப்பிராயமே கிடையாது, மேலேயிருந்து வந்தது.

இதைக் கேட்டால் வெளியில் இருப்பவர்கள் "எப்படி அடக்கி வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். நான் இன்னொரு பக்கமும் பார்க்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் வளரும் ஒரு பெண்ணுக்கு "எனக்கு இந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை" என்று சொல்ல உரிமை இருக்காது. அவர்கள் பாஷையில் அது மாம்சம் (உடம்பின் ஆசை), சுயசித்தம், கீழ்ப்படியாமை. ஆனால் "ஜெபம் பண்ணினேன் பாஸ்டர், சமாதானம் இல்லை" என்றால் பெரியவர்களே வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் அதை எத்தனை முறை அப்படி உபயோகித்தீர்களோ, எனக்குத் தெரியாது. என்னிடம் வந்த பெண்கள் பலர் அதைச் சொல்லித்தான் தப்பித்திருக்கிறார்கள். உங்களுக்கு அங்கே கிடைத்த ஒரே "வேண்டாம்" அதுவாக இருந்திருக்கலாம். அதனால்தான் மற்ற வார்த்தைகளைவிட இது பிடிவாதமாக நிற்கிறது. அதன் வேலையைச் செய்ய உங்களிடம் வேறு வாக்கியம் இன்னும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அங்கே உங்களைக் காப்பாற்றியது இங்கே உங்கள் கணவரை வெளியே நிறுத்துகிறது. அவர் காரணம் கேட்கிறார், நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள். உங்களுக்கே காரணம் தெரியாமலும் போய்விடுகிறது. வீடு விஷயத்தில் "சமாதானம் இல்லை" என்பதற்குள் என்னென்ன இருக்கலாம் என்று பாருங்கள். பத்து சதவீத முன்பணம் கட்டினால் சேமிப்பு கரைந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். 35 வருடக் கடனில் இரண்டு பேர் பெயரும் போவது ஒரு கலக்கமாக இருக்கலாம். பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் போகும் தூரம் இன்னும் கூடுமே என்ற அலுப்பாகவும் இருக்கலாம். மாமியார் கூட வந்து தங்குவாரோ? அல்லது ஒரு இந்துவோடு சொந்த வீடு வாங்கினால் இனித் திரும்பும் வழியே இல்லை என்ற பழைய பயமோ? முன்பணப் பயத்தை ஒரு பேங்க் அதிகாரியோடு அரை மணி நேரம் பேசித் தீர்க்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு எந்த பேங்கும் உதவாது, அதைக் கணவரிடம்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நம் மலேசியத் தமிழர்களுக்குக் கைவசம் ஒரு வசதி உண்டு. அந்த வீட்டைப் பற்றிய சாதக பாதகத்தை முதலில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், ஆபீசில் ஒரு அறிக்கை எழுதுவது மாதிரி. 2012இல் போவாஸ் கெய்சார் என்பவரும் அவருடைய குழுவும் ஒன்றைக் கண்டார்கள். ஒரே கணக்கை லாபமாகச் சொன்னால் ஒரு முடிவும், நஷ்டமாகச் சொன்னால் வேறு முடிவும் எடுப்பது மனித சுபாவம். பின்னால் கற்ற மொழியில் யோசித்தபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. எல்லாருக்கும் எல்லா நேரமும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு "சமாதானம்" தமிழில்தான் வருகிறது. மலாயில் எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல்லை வைக்க இடம் இருக்காது, காரணத்தைத்தான் எழுத வேண்டிவரும். எழுதி முடித்த பிறகு அதைத் தமிழில் கணவரிடம் சொல்லுங்கள். "எனக்கு" என்று தொடங்குங்கள். "எனக்கு இந்தக் கடன் பயமா இருக்கு." "எனக்கு இந்த வீடு வேண்டாம், ஏன்னு இன்னும் தெரியல, ஒரு வாரம் டைம் குடுங்க." இரண்டாவதும் சரியான பதில்தான். காரணம் கிடைக்கும்வரை "வேண்டாம்" சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதலில் தொண்டை அடைக்கும். உங்கள் பெயரில் ஒரு "வேண்டாம்" சொல்லிப் பழக்கம் இல்லை அல்லவா. மீ கோரெங் கடையில் சம்பால் வேண்டாம் என்று சொல்வதில் தொடங்கினாலும் சரிதான்.

அம்மா விஷயம். அவரிடம் சபை வணக்கமாக "ஸ்தோத்திரம்மா" என்று போனை எடுப்பது பொய் ஆகாது. அது உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் பேச்சு, அதில்தான் அவர் உங்களை வளர்த்தார். "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்கம்மா" என்றும் சொல்லலாம், பண்ணப் போவது அவர்தானே. ஆனால் "கர்த்தர் வழி காட்டுவார்", "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்றெல்லாம் பேச்சை முடிப்பதற்காகச் சொல்லாதீர்கள். அவர் அதை ஒரு சாட்சியாக, உங்கள் நம்பிக்கை திரும்பியதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போய்ச் சொல்வார், அடுத்த ஞாயிறு இன்னும் கஷ்டம். "எப்பம்மா திரும்பி வருவே?" என்று அழுதால், "வரமாட்டேம்மா, ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமையும் போன் எடுப்பேன்" என்று சொல்லுங்கள். அழுவார். போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருங்கள்.

யாரையாவது நேரில் பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம். இங்கே ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். அவர் எந்த மதம் என்பது முக்கியமில்லை, உங்களைத் திரும்பக் கூட்டிப்போகவோ இன்னும் தூரமாக இழுக்கவோ பார்க்காதவராக இருந்தால் போதும். தூக்கம் கெடுகிறது, வீட்டுக்கு வந்து யாரையும் காணாவிட்டால் 'இரகசிய வருகை நடந்துவிட்டது (இயேசு வந்து தம்மவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்), நான் கைவிடப்பட்டேன்' என்று நெஞ்சு படபடக்கிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள். அரசாங்க சுகாதார நிலையத்தில் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். அவசரத்துக்கு சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 15555. 2011இல் மார்லின் வினெல் என்ற உளவியலாளர் இதற்கெல்லாம் சேர்த்து 'மத அதிர்ச்சி நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாக இல்லை. நீங்களாக அந்தப் பெயரை எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

ராத்திரி ஜெபிக்கத் தோன்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். தோன்றினால் ஜெபியுங்கள், தோன்றாவிட்டால் தூங்குங்கள். வெளியே வந்ததற்கு அது அத்தாட்சியும் ஆகாது, வராததற்கும் ஆகாது. நீங்கள் வெளியே வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஜெபித்தால், சபையில் யாரும் அப்படி ஜெபிக்காத மாதிரி, வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசிப் பாருங்கள். என்ன வருகிறது என்று எனக்கு எழுதுங்கள், விருப்பம் இருந்தால் மட்டும்.